எண்ணெய் இருந்தது, கணக்கு இல்லை

2022 தீபாவளிக்குச் சரியாக இரண்டு வாரம் இருந்தது. திங்கட்கிழமை காலை ஏழரைக்கு அலுவலகத்தைத் திறந்து கணினியைப் போட்டேன். கணக்குக் கோப்புகள் எல்லாவற்றின் பெயருக்குப் பின்னாலும் ஏழெட்டு எழுத்து புதிதாக ஒட்டிக்கொண்டிருந்தது. டீசல் கணக்கு, நடைக் கணக்கு, சம்பளப் பட்டியல், ஆலையின் எடைச் சீட்டுப் பதிவு என்று எதைத் தட்டினாலும் திறக்கவில்லை. ஒரே ஒரு கோப்பு மட்டும் திறந்தது. அதில் ஆங்கிலத்தில் ஐந்தாறு வரி. உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டோம், சாவி வேண்டுமென்றால் இந்த முகவரிக்கு எழுதுங்கள், 72 மணி நேரம் தாண்டினால் தொகை இரண்டு மடங்கு.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஊத்தான் மெலிந்தாங்கில் ஒரு லோரி நிறுவனத்தில் கிராணி வேலை செய்கிறேன், கணக்கு எழுதும் வேலை. சுற்றியுள்ள தோட்டங்களில் வெட்டிப் போட்ட செம்பனைக் குலைகளைப் பாமாயில் பிழியும் ஆலைக்கு ஏற்றிப் போவதுதான் எங்கள் தொழில். அப்போது ஆறு லோரி, ஆறு ஓட்டுநர்கள். கணக்கின் நகல் ஒன்று வெளி வட்டில் இருக்கிறதே என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை மாலை நான்தான் அதைக் கணினியிலேயே செருகிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தேன். அதிலும் அதே எழுத்துகள்.

முதலாளி வந்தார். திரையைப் பார்த்தார். வெகுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "யார்கிட்டயும் சொல்லாதம்மா. கேட்டா சிஸ்டம் ஸ்லோன்னு சொல்லு" என்றார். அவர் கெட்டவர் இல்லை, பயந்துவிட்டார். நானும் அப்படியே சொன்னேன். மூன்று நாள், ஆறு பேரிடமும், முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அது இன்றுவரை என்னை உறுத்துகிறது.

செம்பனைக் குலை காத்திருக்காது. வெட்டி 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் பழத்தில் அமிலம் ஏறி, எண்ணெயின் தரம் இறங்கி, விலையில் கை வைப்பார்கள். எங்கள் லோரிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. டயர் நன்றாக இருந்தது, சாலை திறந்திருந்தது, தோட்டத்து ஓரத்தில் குலைகள் குவிந்து கிடந்தன. பெட்ரோல் நிலையத்தின் தொட்டியில் டீசலும் இருந்தது. ஆனால் அந்த நிலையம் எங்களுக்கு மாதக் கடனில் ஊற்றும் இடம். போன மாதப் பட்டியலை நான் சரிபார்த்துத் தரவில்லை, காசோலையும் போகவில்லை. புதன்கிழமை காலை, "ரொக்கம் இருந்தா ஊத்துறோம்" என்று சொல்லிவிட்டார்கள். ஒரு லோரிக்கு 200 லிட்டர், அன்றைய விலை லிட்டர் 2 வெள்ளி (ரிங்கிட்) 15 சென். ஆக 430 வெள்ளி. ஆறு லோரிக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அன்று இரண்டு லோரிதான் ஓடியது.

மதியத்துக்குள் ஊருக்கே செய்தி போய்விட்டது. செய்தி என்றால், வைரஸ் வந்த செய்தி அல்ல. கம்பெனி மூடப் போகிறது, தீபாவளிச் சம்பளம் கிடையாது, முதலாளி லோரிகளை விற்கப் பார்க்கிறார். சாப்பாட்டுக் கடையில் கிளம்பி, புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) ஏறி, என் கைப்பேசிக்கே வந்து சேர்ந்தது.

அந்த இரவுகளில் தூக்கம் வராமல் இது என்ன நோய் என்று படித்துக்கொண்டே இருந்தேன். அமெரிக்காவில் குழாய் வழியே எரிபொருள் அனுப்பும் கொலோனியல் பைப்லைன் நிறுவனத்தின் விஷயம் அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. 2021 மே 7. டெக்சஸில் ஹூஸ்டனில் தொடங்கி நியூ ஜெர்சி வரை ஏறக்குறைய 8,850 கிலோமீட்டர் நீளக் குழாய்கள். அமெரிக்காவின் கிழக்குக் கரைக்குப் போகும் எரிபொருளில் ஏறத்தாழ 45 விழுக்காடு அதன் வழியாகத்தான் போகிறது. டார்க்சைட் என்ற கும்பல் அந்த நிறுவனத்தின் கணினிகளுக்குள் நுழைந்து கோப்புகளைப் பூட்டியது. நுழைந்த வழி, யாரும் பயன்படுத்தாமல் விட்டுவிட்ட ஒரு பழைய வி.பி.என். கணக்கு, அதாவது வெளியிலிருந்து அலுவலகக் கணினிக்குள் நுழையும் வழி. அதன் கடவுச்சொல் வேறெங்கோ கசிந்திருந்தது. கைப்பேசிக்கு எண் அனுப்பி இரண்டாவது முறை உறுதி செய்யும் ஏற்பாடு அதற்கு இல்லை.

பூட்டப்பட்டவை அலுவலகப் பக்கத்துக் கணினிகள். குழாயை இயக்கும் பொறிகளை அவர்கள் தொடவில்லை. தொற்று அங்கும் பரவிவிடக் கூடாதென்று நிறுவனமே குழாயை நிறுத்தியது. அதைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். குழாயில் எண்ணெய் இருந்தது! எங்கள் லோரி நல்லபடியாக நின்றுகொண்டிருந்த மாதிரியே.

அந்தக் குழாயில் எண்ணெய் போகும் வேகம் மனிதன் நடக்கும் வேகத்தைவிடக் கொஞ்சம்தான் கூட. ஹூஸ்டனில் விட்டது நியூயார்க் பக்கம் வந்து சேரவே இரண்டரை வாரம் பிடிக்கும். ஓட்டம் நின்றது ஐந்தே நாள், மே 12 மாலை மறுபடி திறந்துவிட்டார்கள். வழியெல்லாம் தொட்டிகளில் இருப்பு இருந்தது. மக்கள் எப்போதும் போல் ஊற்றியிருந்தால் இவ்வளவு தட்டுப்பாடு வந்திருக்காது. ஆனால் யாரும் எப்போதும் போல் ஊற்றவில்லை. பாதித் தொட்டி இருந்தவர்களும் வரிசைக்கு வந்தார்கள். வாளி, டின், கையில் கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்தார்கள். பெட்ரோலைப் பிளாஸ்டிக் பையில் நிரப்பாதீர்கள் என்று அந்நாட்டின் பயனீட்டாளர் பாதுகாப்பு ஆணையமே எச்சரிக்கை வெளியிட வேண்டியிருந்தது. தலைநகர் வாஷிங்டனில் பத்துக்கு எட்டொன்பது நிலையங்கள் வறண்டன. என்னை மிகவும் யோசிக்க வைத்தது ஃப்ளோரிடா. அந்தக் குழாய் ஃப்ளோரிடாவுக்குப் போகவே இல்லை. அங்கே எரிபொருள் பெரும்பாலும் கப்பலில் வருகிறது. அங்கும் நிலையங்கள் காலியாயின.

விலையைப் பார்த்தால், நாட்டின் சராசரி ஒரு வாரத்தில் கேலனுக்குச் சில சென்ட்தான் ஏறியது. ஆனால் அந்தச் சில சென்ட்டில் அது 3 டாலரைத் தாண்டிவிட்டது, 2014க்குப் பிறகு முதன்முறையாக. சில சென்ட் என்று படிப்பவர்களுக்கு அது சின்னத் தொகை. வரிசையில் மூன்று மணி நேரம் நின்று, வேலைக்குப் போகாமல், கடைசியில் தொட்டி காலி என்று திரும்பியவன் கொடுத்த விலை எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது.

நிறுவனம் 75 பிட்காயின் கொடுத்தது, அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 44 லட்சம் டாலர். கொடுத்தது மே 8. கொடுத்தோம் என்று நிறுவனத் தலைவர் ஜோசப் பிளவுண்ட் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது மே 19. இடையில் பதினொரு நாள். காசு கொடுத்து வாங்கிய சாவியும் ஆமை வேகத்தில்தான் திறந்தது, தங்களுடைய சொந்த நகல்களை வைத்தும்தான் மீண்டார்கள். ஜூன் 7 அன்று அமெரிக்க நீதித்துறை 63.7 பிட்காயினைப் பறிமுதல் செய்துவிட்டதாக அறிவித்தது. பணத்தில் ஒரு பங்கு திரும்பி வந்தது.

எங்கள் கதைக்கு வருகிறேன். புதன்கிழமை சாயங்காலம் எங்கள் மூத்த ஓட்டுநர் அலுவலகத்துக்குள் வந்தார். அறுபதை நெருங்குகிறவர், நான் அண்ணே என்று கூப்பிடுகிறவர். சட்டைப் பையிலிருந்து ஒரு 555 நோட்டை எடுத்து என் மேசையில் வைத்தார். அந்தக் காலத்திலிருந்து மளிகைக் கடைக் கடன் எழுதுவோமே, அதே கையளவு நோட்டு. வியர்வையில் அட்டை நெளிந்து, ஓரத்தில் குலையின் எண்ணெய்க் கறை படிந்திருந்தது. உள்ளே பென்சிலில், ஒவ்வொரு நாளும் ஒரு வரி. தேதி, தோட்டத்தின் முதல் எழுத்து, எத்தனை நடை, ஆலையில் எத்தனை டன், எவ்வளவு டீசல். ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை. மனைவியை மருத்துவமனையில் சேர்த்த நாளுக்கு ஒரு கோடு மட்டும் போட்டிருந்தார்.

"எங்கிட்ட இருக்கு. ஒங்கிட்ட இருக்கா தங்கச்சி?" என்று கேட்டார்.

என் அப்பா பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவர். படிக்கத் தெரியாது. லயத்து வீட்டுக் கதவின் பின்புறம் கரித்துண்டால் கோடு போட்டு வேலை செய்த நாள்களை எண்ணி வைப்பார். சம்பள நாளன்று அந்தக் கோடுகளை எண்ணிக்கொண்டு போய், தோட்டத்துக் கிராணியின் செக்ரோலில், அதாவது வேலைநாள் பதிவேட்டில், இருப்பது சரியா என்று வாயால் கேட்பார். ஒருமுறை இரண்டு நாள் குறைந்தது. கிராணியின் புத்தகத்தில் இருப்பதுதான் கணக்கு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த அப்பாவின் மகள் நான், இப்போது கிராணி நாற்காலியில் உட்கார்ந்து, சிஸ்டம் ஸ்லோ என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, முதலாளியிடம் சொல்லிவிட்டே, லோரிக் கொட்டகையில் எல்லாரையும் நிற்கவைத்து உள்ளதைச் சொன்னேன். கணினி பூட்டப்பட்டிருக்கிறது, பணம் கேட்கிறார்கள், கொடுக்கப் போவதில்லை, கணக்கைத் திரும்ப எழுத உங்கள் நோட்டுகள் வேண்டும். வைரஸைப் பற்றி யாருக்கும் கோபமில்லை. "வந்தா வந்துட்டுப் போகுது. எங்ககிட்ட ஏன் பொய் சொன்ன?" என்று ஒரு தம்பி கேட்டான். பதில் இல்லை. அதற்குள் இருவர் வேறு நிறுவனத்துக்குப் பேசி முடித்துவிட்டிருந்தார்கள். அவர்கள் திரும்பி வரவே இல்லை. ஆனால் போகும்போது தங்கள் நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஆலையில் எடைச் சீட்டின் நகல் எடுத்துக் கொடுத்தார்கள். ஆறு நோட்டு, ஒரு பெட்டிச் சீட்டு, ஒன்பது நாள். தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை சம்பளம் போட்டுவிட்டோம்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், போன மாதம் பெட்ரோல் நிலையத்தில் பார்த்த ஒரு காட்சி. 2025 செப்டம்பர் 30 முதல் பூடி95 என்ற பெட்ரோல் மானியத் திட்டம் தகுதியுள்ள மலேசியர் எல்லாருக்கும் வந்துவிட்டது. மைகாட் என்ற அடையாள அட்டையைச் செருகினால் ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1 வெள்ளி 99 சென். தொடங்கியபோது மானியம் இல்லாத விலை 2 வெள்ளி 60 சென். மோட்டார் சைக்கிளுக்கு 5 வெள்ளிக்கு ஊற்றுகிறவருக்கு, அட்டை வேலை செய்தால் இரண்டரை லிட்டர், செய்யாவிட்டால் இரண்டு லிட்டர்கூட இல்லை. அந்த மாலை அட்டை படிக்கும் இயந்திரம் இருபது நிமிடம் படிக்கவில்லை. தொடர்பு மெதுவாக இருந்திருக்கலாம், அவ்வளவுதான். அதற்குள் வரிசையில் மூன்று பேர் "ஹேக் பண்ணிட்டாங்க" என்றார்கள். இனி மலிவு விலை கிடையாதாம் என்றார் ஒரு பெரியம்மா. தோட்டத்துக்குத் திரும்ப வேண்டிய ஒருவர் அட்டை இல்லாமலே முழு விலைக்கு ஊற்றிக்கொண்டு போனார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பிள்ளை வாயைத் திறக்கவில்லை. அவளுக்கும் யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த நாற்காலி எனக்குத் தெரியும்.

ஈரானில் இது நிஜமாகவே நடந்தது. 2021 அக்டோபர் 26, நாட்டில் இருந்த ஏறக்குறைய 4,300 பெட்ரோல் நிலையங்களில் மானிய அட்டை முறை ஒரே நேரத்தில் விழுந்தது. அங்கே யாரும் பிணைப்பணம் கேட்கவில்லை, முடக்குவதுதான் நோக்கம். அட்டை இல்லாமல் கையால் ஊற்றத் தொடங்கியபோது, மானிய விலையின் இரண்டு மடங்கைக் கொடுத்தார்கள். அதனால் உலகச் சந்தையில் எண்ணெய் விலை அசையவில்லை. அட்டையை நம்பி வந்தவனுக்கு மட்டும் ஏறியது. நம் விலையும் இப்போது ஓர் அட்டைக்குள் இருக்கிறது என்பதால் சொல்கிறேன், பயமுறுத்த அல்ல. மானியம் உரியவருக்குப் போக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

இங்கே சட்டம் வந்திருக்கிறது. 2024 இணையப் பாதுகாப்புச் சட்டம், அந்த ஆண்டு ஆகஸ்டு 26 முதல் நடப்பில் உள்ளது. எரிசக்தி உள்பட 11 துறைகள் அதில் அடங்கும். தாக்குதல் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் விவரத்தை அதிகாரிகளிடம் தெரிவிக்க வேண்டும். நல்லது. 2025 மார்ச்சில், நம் விமான நிலையங்களை நடத்தும் நிறுவனத்தைத் தாக்கியவர்கள் அதனிடம் 1 கோடி டாலர் கேட்டபோது, கொடுக்க முடியாது என்று மறுத்ததாகப் பிரதமர் அன்வார் இப்ராஹிமே மேடையில் சொன்னார். அதுவும் நல்லது. ஆனால் ஆறு மணி நேரம் என்பது அதிகாரிகளுக்கு. பம்ப் முன்னால் நிற்கிறவருக்கு எத்தனை மணி நேரம்? கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பிள்ளை என்ன சொல்ல வேண்டும், எந்த மொழியில் சொல்ல வேண்டும், இயந்திரம் படிக்காத நேரத்தில் அடையாள எண்ணை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு மானிய விலைக்கே ஊற்ற முடியுமா? இதைத்தான் நான் கேட்கிறேன். நோட்டில் எழுதுவது முடியாத காரியம் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். ஆறு நோட்டில் ஒரு நிறுவனத்தின் கணக்கையே திரும்ப எழுதியவள் நான்.

இப்போது எங்கள் அலுவலகத்தில் வெளி வட்டுகள் இரண்டு. ஒன்று முதலாளி வீட்டில், எதிலும் செருகாமல். திங்களும் வியாழனும் மாற்றுவேன். சம்பளப் பட்டியலை அச்சடித்து அட்டைக் கோப்பில் வைக்கிறேன்.

அந்த அண்ணன் இன்னும் எங்களிடம்தான் ஓட்டுகிறார். முன்பெல்லாம் நான் நீட்டும் பட்டியலைப் பார்க்காமலே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போவார். இப்போது சனிக்கிழமைதோறும் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறார். 555 நோட்டைப் பிரித்து, என் பட்டியலோடு வரி வரியாக விரல் வைத்து ஒத்துப் பார்க்கிறார். பார்த்து முடித்ததும் நோட்டை என் பக்கம் திருப்பி, பென்சிலை அல்ல, பேனாவைக் கொடுக்கிறார்.

"கையெழுத்துப் போடு தங்கச்சி."