செந்தூல், ஜனவரி – பிப்ரவரி

ஜனவரி 9, வெள்ளி
தம்பிக்கு அம்மாவோட கிட்னி வச்சதுல இருந்து ரத்தத்துல பாக்குற கிரியேட்டினின் 148. போன வாரம் 131. இது ஏறுனா கிட்னி திணறுதுன்னு அர்த்தம். டாக்டர் முகத்துல ஒன்னும் தெரியல, திங்கக்கிழமை திரும்ப ரத்தம் எடுப்போம்னு சொன்னாங்க.
பயத்தங்காய் 2 தொட்டியிலயும் ரெண்டு ரெண்டு இலை விட்டிருக்கு.

ஜனவரி 12, திங்கள்
மணி 3. தூக்கம் வரல. ஒரே விஷயம்தான் மண்டைக்குள்ள ஓடுது. பூஞ்சையோட சுவர்ல இருக்கிற கைட்டின், ஒரே வகை சர்க்கரைய மாலையா கோத்த மாதிரி இருக்கும், அதுல ஒரு துண்டு வேர்ல பட்டா போதும், செடி சண்டைக்கு நின்னுரும். ஆனா பயறுச் செடி வேர்முடிச்சுல குடியிருந்து நைட்ரஜன் பிடிச்சுக் குடுக்குற ரைசோபியம் பாக்டீரியா செடிக்கு அனுப்புற சேதி, நாட் ஃபேக்டர், அதுவும் அதே மாதிரி மாலைதான், 4, 5 மணி கோத்தது, ஓரத்துல ஒரு கொழுப்பு வால் கூட இருக்கும், அவ்வளவுதான். அத வச்சே செடிக்குத் தெரிஞ்சிருது இது நம்ம ஆளுன்னு. வேர்த்தூவி சுருண்டு பாக்டீரியாவ அணைச்சுக்கும், அது உள்ள வர தானே ஒரு வழி போட்டுக் குடுக்கும். 2025ல டென்மார்க்ல ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்துல ஒரு பயறு வகைச் செடியில எதிரிய காட்டிக்குடுக்குற ரிசெப்டர்ல, அதாவது செல் மேல உக்காந்து சேதிய உணர்ற புரதத்துல, 2 அமினோ அமிலத்த மட்டும் மாத்திப் பாத்தாங்க. அதே ரிசெப்டர் ரைசோபியத்துக்குக் கதவு திறந்து விட்டுருக்கு. வெறும் 2.
தம்பி உடம்புல அந்த 2 எங்க இருக்கு?

ஜனவரி 15, வியாழன்
பொங்கல். பால் பொங்குனப்ப தம்பி மாஸ்க்கோட சோபாவுல இருந்தே பாத்தான்.

ஜனவரி 20, செவ்வாய்
139! அம்மாகிட்ட போன்ல சொன்னப்ப கொஞ்ச நேரம் பேச்சே வரல. அப்புறம் “என்னோடது அங்க ஒழுங்கா இருக்குதாம்மா”ன்னு கேட்டாங்க, கட்டிக்குடுத்த பொண்ணப் பத்தி விசாரிக்கிற மாதிரி. இருக்குதும்மா, நல்லா இருக்குதும்மான்னேன்.

ஜனவரி 24, சனி
இன்னைக்கு ஒரு தொட்டிக்கு மட்டும் யூரியா போட்டேன். வேணும்னுதான். நைட்ரஜன் கைல இருந்தா செடி ரைசோபியத்த உள்ள விடாது, விட்டாலும் கொஞ்சமாதான் விடும், மேல இலையில இருந்து வேருக்கு போதும்னு சேதி போயிரும். தாத்தா தோட்டத்துல பால்மர (ரப்பர்) நெரைக்கு நடுவுல பயறு வகைக் கொடி படர விட்டிருப்பாங்க, மண்ணுக்கு உரம்னு தாத்தா சொல்வாரு, நான் இலை உதிர்ந்து மக்குறதச் சொல்றாருன்னே ரொம்ப நாள் நெனச்சிட்டிருந்தேன். காத்துல 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தும் செடியால தொட முடியாது, வேருக்குள்ள இருக்கிற இதுங்கதான் பிடிச்சுக் குடுக்கணும்.
என்னைப் பயமுறுத்துறது வேற. மெடிக்காகோங்கிற பயறு வகைச் செடியில சில ஜீன் கெட்டுப்போனா வேர்முடிச்சு ஒழுங்கா உண்டாகுது, பாக்டீரியாவும் உள்ள போய் குடியிருக்குது, எல்லாம் முடிஞ்ச பிறகு செடியோட எதிர்ப்பு சக்தி முழிச்சுக்குது. முடிச்சு உள்ளுக்குள்ளயே பழுப்பாகி செத்துருது. அப்போ நல்ல செடியிலயும் அந்த எதிர்ப்பு எங்கயும் போகல, ஒவ்வொரு நாளும் அத யாரோ பிடிச்சு வச்சுக்கிட்டுதான் இருக்காங்க. தம்பிக்கு அந்த வேலைய காலைல 9, ராத்திரி 9 மாத்திரை செய்யுது.

ஜனவரி 27, செவ்வாய்
145.

பிப்ரவரி 1, ஞாயிறு
தைப்பூசம். பத்துமலைக்கு இந்த வருசம் யாரும் போகல, அம்மா மட்டும் வீட்லயே பால் வச்சுக் கும்பிட்டாங்க.
சாயங்காலம் செடி ரெண்டையும் பிடுங்குனேன். தம்பி மண்ணுப் பக்கமே வரக்கூடாது, பால்கனி கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உக்காந்துக்கிட்டான். வேர வாளித் தண்ணியில அலசுனேன். யூரியா போட்டதுல 3 முடிச்சுதான், கடுகு மாதிரி. போடாததுல கொத்துக் கொத்தா, எண்ணிட்டு வந்து 40க்கு மேல விட்டுட்டேன். பெருசா ஒன்ன பிளேடால ரெண்டா அறுத்து கண்ணாடில ஒட்டிக் காட்டுனேன், உள்ள நல்ல இளஞ்சிவப்பு, பல் ஈறு மாதிரி.
“ரத்தமாக்கா?”
நம்ம ஹீமோகுளோபினுக்கு சொந்தம்டா, லெக்ஹீமோகுளோபின், நைட்ரஜன் பிடிக்கிற என்சைம் ஆக்சிஜன் பட்டா கெட்டுரும், அதனால இது ஆக்சிஜன பிடிச்சு வச்சு அளந்து அளந்து குடுக்கும்னு கதவுக்கு இந்தப் பக்கம் இருந்து கத்திச் சொன்னேன். அவன் ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தான். கை வயித்து வலப்பக்கம் இருந்துச்சு.
இன்னொரு முடிச்ச அறுத்தா உள்ள பழுப்பு. அத அவனுக்குக் காட்டல.

பிப்ரவரி 3, செவ்வாய்
171. உடனே வார்டுக்கு வரச் சொல்லிட்டாங்க.

பிப்ரவரி 4, புதன்
பயாப்சி 11 மணிக்கு. அம்மா கைப்பையில விபூதி எடுத்து வச்சுக்கிட்டாங்க. ராத்திரி மாத்திரை 9.05க்குத்தான் குடுத்தேன், அந்த 5 நிமிசமே திரும்பத் திரும்ப ஞாபகம் வருது. டாக்ஸி கீழ வந்துருச்சு