ஜூன் 20-க்குள்

ஜூன் 2, திங்கள்

தம்பிக்கு எம்பிஏ இடம் கிடைத்த கடிதம் வந்துவிட்டது. விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து இரண்டு வருஷத்துக்கு 26 லட்சம். முதல் தவணை 20-ஆம் தேதிக்குள். தொழில் தொடங்கப் போகிறவனுக்கு எம்பிஏ எதற்கு என்று ஒரு பக்கம். படித்துவிட்டுத் தொடங்கினால் என்ன குறைந்துவிடும் என்று இன்னொரு பக்கம். பேனாவை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

கையிலிருப்பது 6 லட்சம், கடன் 20 லட்சம் என்று வைத்துப் போட்ட கணக்கு. வட்டி 10 சதவீதம். வங்கி முதல் வருஷத் தொடக்கத்தில் 10, இரண்டாம் வருஷத் தொடக்கத்தில் 10 என்று விடுவிக்கும். படிப்பு முடிந்தும் ஒரு வருஷம் தவணை கேட்க மாட்டார்கள். ஆனால் கேட்காத மாதங்களிலும் வட்டி ஓடும். தனி வட்டிதான். முதல் பத்துக்கு மூன்று வருஷம், 3 லட்சம். அடுத்த பத்துக்கு இரண்டு வருஷம், 2 லட்சம். தவணை தொடங்கும் நாளில் கடன் 25 லட்சம்.

பத்து வருஷத்துக்குப் பிரித்தால் மாதம் 33,038. கட்டி முடிக்கும்போது 39 லட்சத்து 64 ஆயிரம் போயிருக்கும்.

படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவந்தால் அசல் 20 லட்சத்திலேயே நிற்கும், தவணை 26,430. பல வங்கிகள் அப்படிக் கட்டுபவருக்கு ஒரு சதவீதம் வட்டியும் குறைக்கின்றன. அதற்கு இரண்டாம் வருஷத்திலிருந்து மாதம் 16,667 வேண்டும். அதை யார் கட்டுவது?

ஜூன் 4

33,038. பத்து வருஷம்.

ஜூன் 6, வெள்ளி

கட்டணத்தை விட இந்தத் தவணை எந்த வருஷத்தில் வந்து நிற்கிறது என்பதுதான் உறுத்துகிறது. வேலைக்குப் போகிறவனுக்கு முதல் மாதமே சம்பளம், அதிலிருந்து தவணை போய்விடும். தொழில் தொடங்குகிறவனுக்கு முதல் பதினெட்டு மாதம் வீட்டுக்கு எதுவும் வராது, பெரும்பாலும் வீட்டிலிருந்துதான் போகும். அந்தப் பதினெட்டு மாதத்துக்குள்ளேயே கடனின் முதல் தவணையும் விழுகிறது. தொழிலுக்கென்று படிக்கப் போனவர்கள் பலர் "ரெண்டு வருஷம் வேலை பார்த்துட்டு ஆரம்பிக்கிறேன்" என்று சொல்வது இதனால்தான். ரெண்டு நாலாகும், நாலில் கல்யாணம் வரும்.

அடுத்தது பத்திரம். ஏழரை லட்சம் வரை அடமானம் கிடையாது. அதற்கு மேல், வங்கி தன் பட்டியலில் வைத்திருக்கும் முதல்தரக் கல்லூரிகளுக்கு மட்டும் சலுகை, மற்றவற்றுக்குச் சொத்து கேட்பார்கள். இந்தக் கல்லூரி பட்டியலில் இல்லை. அப்படியானால் வீட்டுப் பத்திரம் பெட்டகத்துக்குப் போகும். நாளைக்குத் தொழிலுக்கு ஓவர்டிராஃப்ட் கடன் வேண்டுமென்றால் அதே பத்திரத்தைத்தான் கேட்பார்கள். அது இருக்காது.

அப்பா கூட்டுக் கடன்தாரர். ஒரு தவணை தவறினாலும் சிபில் கடன் மதிப்பெண்ணில் இரண்டு பெயரும் அடிபடும்.

ஜூன் 7, சனி

காலையிலிருந்து ஆளாளுக்கு உதாரணம். அருண் ஐஸ்கிரீம் சந்திரமோகன் 1970-ல் 13,000 ரூபாயோடு ராயபுரத்தில் ஐஸ்கிரீம் ஆரம்பித்தார், பட்டமா வாங்கினார்? சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோடு கடலூரில் ஷாம்பூ பாக்கெட் போட்டார். ஜி.டி. நாயுடு பள்ளிக்கூடத்தையே தாண்டவில்லை. (கோயம்புத்தூரில் இந்த வாதத்தில் நாயுடுவை இழுக்காமல் யாரும் எழுந்து போவதில்லை.)

எல்லாம் உண்மைதான். ஆனால் அதே 13,000 ரூபாயோடு அதே வருஷம் ஆரம்பித்து மூடியவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. எதிர்ப்பக்க உதாரணமும் இதே கதைதான். மடிப்பாக்கம் குடிசைப்பகுதியிலிருந்து பிட்ஸ் பிலானி, அகமதாபாத் ஐஐஎம் என்று போய் 2006-ல் ஃபுட்கிங் உணவு நிறுவனம் தொடங்கிய சரத்பாபு. அவருக்கு ஐஐஎம் என்ற மூன்றெழுத்து கதவைத் திறந்தது என்று சொன்னால் மறுக்க முடியாது. மறக்கிற பாதி: வேலை பார்த்துக் குடும்பக் கடனை அடைத்துவிட்டுத்தான் அவர் ஐஐஎம்முக்கே போனார்.

பட்டம் வேண்டாம் என்பவர்கள் ஸ்ரீதர் வேம்புவையும் சொல்கிறார்கள். ஜோஹோ பள்ளியில் பிளஸ் டூ முடித்தவர்களை உதவித்தொகை கொடுத்துச் சேர்ப்பது சரி. அவர் சென்னை ஐஐடி, பிரின்ஸ்டன் முனைவர் என்பதை யார் சொல்வது.

தலைவலி.

ஜூன் 9, திங்கள்

மறுபக்கக் கணக்கையும் நேர்மையாகப் போட வேண்டும். "அந்தக் காசில் மிஷின் போடலாம்" என்பது வாய்க்கு எளிது.

பழைய விஎம்சி (கணினி ஓட்டும் உலோகம் வெட்டும் மிஷின்) ஒன்று, துணைக் கருவிகளோடு 15 லட்சம் கடனில். பத்தரை சதவீதம், ஐந்து வருஷம், தவணை 32,241. படிப்புக் கடன் தவணையை விட 800 ரூபாய்தான் குறைவு. இதைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் எழுதவில்லை.

மணிக்கு 450 ரூபாய் ஜாப் ஒர்க், அதாவது பிறர் தரும் பாகங்களைக் கூலிக்கு வெட்டித் தருவது. இரண்டு ஷிப்ட் 16 மணி நேரம், 25 நாள், மொத்தம் 400 மணி. புது ஆளுக்கு 60 சதவீதம் ஓடினாலே பெரிது, 240 மணி. வரவு 1,08,000. வாடகை 18,000, ஆபரேட்டர் இருவர் 50,000, மின்சாரம் 20,000, டூல், கூலண்ட் 15,000. செலவு 1,03,000. மிச்சம் 5,000. தவணை 32,241.

85 சதவீதம் ஓட்டினால் 340 மணி, 1,53,000. டூலும் மின்சாரமும் கூடிச் செலவு 1,15,000 ஆகும். மிச்சம் 38,000. தவணை போக ஆறாயிரத்துக்குள்.

மிஷின் நிற்பது ஆர்டர் இல்லாமல் மட்டுமல்ல. செட்டிங், புரோகிராம், முதல் பீஸ் பாஸாகக் காத்திருப்பது, ஆபரேட்டர் வராத நாள். ஐம்பது பீஸ் ஆர்டருக்கு மூன்று மணி நேரம் செட்டிங் என்றால், அந்த மூன்று மணியை விலையில் ஏற்றாமல் "பீஸுக்கு இவ்வளவு" என்று பக்கத்துப் பட்டறையைப் பார்த்துச் சொல்கிறவன் ஒவ்வொரு ஆர்டரிலும் கைக்காசு போடுகிறான்.

ஜூன் 10

அறுபதில் ஐயாயிரம். மூன்று தடவை போட்டாயிற்று, மாறவில்லை.

ஜூன் 11, புதன்

வரி. கல்விக் கடன் வட்டிக்கு வருமான வரியில் கழிவு உண்டு. பழைய வரிமுறையில் இருந்தால்தான். அதுவும் எட்டு வருஷம்தான், கடன் பத்து. தனக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் வாங்கிய கடனுக்குத்தான் அது, தம்பிக்காக அண்ணன் கட்டினால் கிடையாது. வருமானமே இல்லாத தொழில்காரனுக்கு எதில் கழிப்பது?

மிஷினுக்கு வட்டியும் செலவு, வருஷம் 15 சதவீதம் தேய்மானமும் செலவு. நஷ்டத்தில் மூடினாலும் விற்றால் பாதி விலையாவது வரும். சான்றிதழை விற்க முடியாது.

பத்திரத்தைப் பற்றி அப்பாவிடம் இன்னும் பேசவில்லை.

ஜூன் 13, வெள்ளி

பாடத்திட்டத்தை முழுதாகப் படித்தேன். 26 லட்சத்தில் எது எதற்கு என்று பிரித்துப் பார்க்கலாம்.

காஸ்டிங் (அடக்க விலைக் கணக்கு): ஒரு நல்ல காஸ்ட் அக்கவுண்டன்டுடன் நாலு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் பட்டறைக்கு வேண்டியது வந்துவிடும். சட்டம்: சிறுதொழில் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும். அதற்கு மேல் இழுத்தால், வாங்கியவர் அந்த வருஷம் வருமான வரியில் அதைச் செலவாகக் காட்ட முடியாது. உத்யம் என்ற சிறுதொழில் பதிவு இல்லாமல் இதில் எதையும் கேட்க முடியாது. இந்த மூன்று வரி தெரியாமல் 90 நாள் கடனுக்கு ஓட்டுகிறவன் மாதம் ஒன்றரை லட்சத்துக்கு பில் போட்டால் நாலரை லட்சம் எப்போதும் வெளியில் நிற்கும். ஆர்டர் நிறைய இருக்கும்போதே மூடுகிற பட்டறைகள் இப்படித்தான் மூடுகின்றன.

பாடத்துக்கு வெளியே கிடைப்பது கூடப் படிக்கிறவர்கள். அதற்குத்தான் உண்மையில் விலை. நாளைய கூட்டாளி, பெரிய கம்பெனியின் கொள்முதல் பிரிவில் உட்காரப் போகிறவன், முதலீட்டாளரிடம் ஒரு போன் போடக்கூடியவன். பத்து முதல்தரக் கல்லூரிகளில் அதற்கு மதிப்பு உண்டு. அகமதாபாத் போன்ற இடங்களில், தொழில் தொடங்கிச் சரிவராவிட்டால் திரும்பி வந்து பிளேஸ்மென்டில் உட்காரும் வசதியும் உண்டு, அதுவும் ஒரு காப்பீடுதான். இந்தக் கல்லூரியில் அப்படி ஏதாவது உண்டா என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.

ஜூன் 14

அமெரிக்கா என்றால் வேறு மாதிரியா என்று தம்பி கேட்கிறான். படிப்பு முடிந்து 12 மாத ஓபிடி என்ற வேலை அனுமதியில் சொந்தத் தொழில் செய்யலாம். அறிவியல், தொழில்நுட்பப் பிரிவுக்குத் தரும் அடுத்த 24 மாதத்துக்கு, பயிற்சித் திட்டத்தில் கையெழுத்திட ஒரு முதலாளி வேண்டும். தனக்குத் தானே போட்டுக்கொள்ள முடியாது. அதோடு விட்டுவிட்டான்.

ஜூன் 16, திங்கள்

டிஐசி, மாவட்டத் தொழில் மையம். தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்துக்கு ஐடிஐ போதும். 10 லட்சம் முதல் 5 கோடி வரை திட்டம், 25 சதவீத மானியம், உச்சவரம்பு 75 லட்சம், வட்டியில் 3 சதவீதம் சலுகை. மத்திய அரசின் பிஎம்இஜிபி-யில் பெரிய திட்டத்துக்கே எட்டாம் வகுப்புதான் கேட்கிறார்கள். உற்பத்திக்கு 50 லட்சம் வரை. அதன் மானியம் கையில் வராது, மூன்று வருஷம் வங்கியில் வைப்பாகக் கிடந்து கடனில் கழியும். பலர் இதைத் தெரியாமல் மானியத்தை நம்பிக் கூடுதலாகச் செலவு செய்து மாட்டுகிறார்கள்.

அரசாங்கம் எம்பிஏ-வுக்கென்று ஒரு மதிப்பெண்ணும் கூட்டித் தரவில்லை.

ஜூன் 17

கல்லூரியிலிருந்து பதில். சராசரிச் சம்பளம் அனுப்பியிருக்கிறார்கள். கேட்டது அதுவல்ல. ஐந்தாறு வருஷத்துக்கு முன் முடித்தவர்களில், முதல் வருஷமே தொழில் தொடங்கி இன்றும் நடத்துகிறவர்கள் எத்தனை பேர், அவர்களில் கடன் வாங்கிப் படித்தவர்கள் எத்தனை பேர். திரும்ப எழுதினேன். சம்பளமாவது சராசரி வேண்டாம், நடு எண் வேண்டும் என்றும்.

ஜூன் 18, புதன்

கட்டிவிட்டுப் பின்வாங்கினால்? ஏஐசிடிஇ (தொழில்நுட்பக் கல்விக் குழு) அங்கீகாரம் உள்ள படிப்பில் வகுப்பு தொடங்கும் முன் எழுத்தில் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது. மின்னஞ்சலோடு ஸ்பீட் போஸ்டிலும் அனுப்ப வேண்டும், அசல் சான்றிதழ்களை அதுவரை ஒப்படைக்கக் கூடாது. வகுப்பு தொடங்கிவிட்டால் கதை வேறு.

தள்ளிப்போட்டால் கேட் (CAT) நுழைவுத்தேர்வு மதிப்பெண் அடுத்த வருஷச் சேர்க்கைக்குச் செல்லாது. ஜிமேட் என்றால் ஐந்து வருஷம். அவன் எழுதியது கேட்.

கூலிக்கு இரவு ஷிப்ட் மிஷின் எடுத்து ஆறு மாதம் ஓட்டிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. கோயம்புத்தூர் ஆவாரம்பாளையத்தில் ராத்திரியில் சும்மா நிற்கிற மிஷின் உண்டு. அறுபதா எண்பத்தைந்தா என்று அதில் தெரிந்துவிடும். "அண்ணே, சீட்டு போயிடுமே" என்கிறான்.

போகும்.

ஜூன் 19, வியாழன்

அப்பா யாரிடமும் சொல்லாமல் வங்கிக்குப் போய்விட்டு வந்திருக்கிறார். வில்லங்கச் சான்று முப்பது வருஷத்துக்கு வேண்டுமாம். கையிலிருப்பது பதின்மூன்று வருஷத்துக்கு. மதிப்பீட்டாளர் நாளை பதினொரு மணிக்கு வருகிறார்.