பின் இலக்கம் வரும்வரை

2024 ஜனவரி 11, வியாழன்

கடதாசி இன்றும் இல்லை. தளங்களில் விளம்பரம் போட்டுக் காசு தருகிற கூகுளின் அட்சென்ஸ், முகவரியை உறுதிப்படுத்தத் தபாலில் அனுப்புகிற பின் இலக்கம் அதில்தான் வரும்.

ஜனவரி 12, வெள்ளி

தளம் வைத்திருக்கிற ஆட்களெல்லாம் விளம்பரக் காசில் எங்களுக்கு வருகிற 68 வீதத்துக்கு என்ன நடக்கும் என்றே கேட்கிறார்கள். ஒன்றும் நடக்காது. நவம்பரில் கூகுள் சொன்ன கணக்கு: விளம்பரதாரர் 100 டொலர் கட்டினால் கூகுள் அட்ஸ் சராசரியாக 15ஐ எடுக்கும், மிச்சம் 85இல் 80 வீதம் தளத்துக்கு. பெருக்கிப் பாருங்கோ, 68. பழைய வீதமும் அதே. மாறுவது வேறு. இதுவரை கிளிக்குக்குக் காசு, இனி விளம்பரம் காட்டப்பட்டதற்குக் காசு. "வட்ஸ்அப் குழுவில் போட்டுப் பத்துத் தரம் திறக்கச் சொல்லுவம்" என்று ஒருவர் கட்டாயம் கிளம்புவார். அது செல்லாத வருகை. வருமானத்தில் கழித்துவிடுவார்கள், மிஞ்சினால் கணக்கையே மூடுவார்கள். பக்கத்தைத் தானாகப் புதுப்பித்து விளம்பரம் மாற்றுகிற நிரலும் வேண்டாம், அட்சென்ஸில் அதற்கு அனுமதி இல்லை.

ஜனவரி 14, ஞாயிறு

மண்டைக்குள் நிற்கிறது 16ஆம் திகதிதான். தளம் யாழ்ப்பாணத்தில் என்றாலும் வாசிக்கிறது லண்டனும் பாரிஸும். அன்று தொடங்கி, பிரித்தானியாவிலும் ஐரோப்பியப் பொருளாதாரப் பிரதேசத்திலும் இருக்கிற வாசகரிடம் கூகுளிடம் சான்றுபெற்ற ஒப்புதல் பெட்டியைத் திரையில் காட்டி, குக்கி (உலாவியில் சேமிக்கிற தகவல் துணுக்கு) வைக்கச் சம்மதம் கேட்காத தளத்துக்கு மட்டுப்படுத்திய விளம்பரம்தான். குக்கி இல்லை, ஆளுக்கேற்ற விளம்பரம் இல்லை, விலையும் அடிபடும். ஒரேயடியாக அல்ல, சிறுகச் சிறுக, பெப்ரவரி முடிவுக்குள் முழுதாக. 68ஐப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் இதைக் கேட்கவே இல்லை. சுவிஸ் அந்தப் பிரதேசத்துக்குள் இல்லாதபடியால் 16ஆம் திகதி விதிக்குள் வரவில்லை.

பெட்டியை வெளியில் காசுக்கு வாங்கத் தேவையில்லை. அட்சென்ஸில் தனியுரிமைப் பகுதிக்குள் போய், ஐரோப்பிய ஒழுங்குவிதிக்கான செய்தியை உருவாக்கி, தளத்தைத் தெரிந்து, தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்து வெளியிட்டால் சரி. அந்தக் கொள்கைப் பக்கம் பல தளங்களில் இல்லவே இல்லை. முதலில் அதை எழுத வேண்டும்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். தபால் வராது என்று தெரிந்தும் கண் படலைக்குப் போகிறது.

ஜனவரி 16, செவ்வாய்

பெட்டி வெளியிட்டாயிற்று, லண்டனில் தெரியவில்லை. குற்றவாளி தளத்தை வேகப்படுத்தும் செருகுநிரல். வாசகர் திரையைத் தொடும்வரை ஜாவாஸ்கிரிப்டை, அதாவது பக்கத்தை இயக்குகிற நிரல்களை, பிடித்து வைக்கிறது, விளம்பர நிரலும் அதற்குள் மாட்டுப்பட்டுவிட்டது. தாமதப் பட்டியலில் அதற்கு விலக்குக் கொடுத்து, தற்காலிகச் சேமிப்பை அழித்த பிறகுதான் எழும்பியது. சோதிக்க, வேறு நாட்டில் இருப்பதுபோலக் காட்டுகிற வீபிஎன் தேவையில்லை. பக்க முகவரியின் முடிவில் கேள்விக்குறி போட்டு, ஆங்கில எழுத்தில் எஃப்சி, சமன் குறி, ஆல்வேஸ்ஷோ என்று சேர்த்தால் இங்கேயும் தெரியும்.

ஜனவரி 17, புதன்

மரண அறிவித்தல் பக்கம். வெளிநாட்டில் அதிகம் திறக்கிறது அதைத்தான். கைத்தொலைபேசியில் பெட்டி எழும்பினால் படத்தில் நெற்றி மட்டும் மிஞ்சுகிறது, கிரியை நேரம் மறைந்துபோகிறது. பெட்டியைத் தவிர்க்க வழியில்லை. ஆனால் அதற்குப் பிறகு முழுத்திரை விளம்பரமும், அடியில் ஒட்டி நிற்கிற பட்டையும் வராமல் செய்யலாம். கூகுள் தானே இடம் பார்த்துப் போடுகிற தானியங்கி விளம்பரத்தின் விலக்குப் பட்டியலில் அந்தப் பகுதி முழுவதையும் சேர்க்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் சேர்த்தால் நாளைய அறிவித்தலில் திரும்ப வரும். கையால் வைத்த விளம்பரங்களுக்கு டேட்டிங், எடை குறைப்பு வகைகளையும் தடுத்தாயிற்று. செத்தவீட்டுச் செய்திக்குக் கீழே அதுகள் என்னத்துக்கு? வருமானம் குறையும். குறையட்டும்.

ஜனவரி 22, திங்கள்

21க்கும் 26க்கும் இடையில் காசு போடுகிற காலம். பின் இலக்கம் இல்லாமல் ஒரு சதமும் அசையாது.

ஜனவரி 30, செவ்வாய்

கூரைத்தகடு விற்கிற கடையின் விளம்பரம், கூகுள் அட்ஸில். நாளுக்கு 1,500 ரூபா வைத்தால் சில நாள் 3,000 வரை போகும். மாத உச்சம் 30.4 மடங்கு, 45,600. அது விதி. பிழை இடத் தெரிவில். யாழ்ப்பாணம் என்று போட்டிருந்தாலும் உள்ளே "இருப்பவர்கள் அல்லது ஆர்வம் காட்டியவர்கள்" என்பதுதான் தானாகத் தெரிவாகி நிற்கும். கனடாவில் ஸ்காபரோவில் இருந்து ஊரைத் தேடுகிறவரும் அதற்குள் அடக்கம். அவரா தகடு ஏற்றப்போகிறார்? "இருப்பவர்கள்" மட்டும் போதும். நகைக்கடைக்கு இதைச் சொல்லமாட்டேன். நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறவர்கள் வெளிக்கிட முதலே தேடுவார்கள்.

பெப்ரவரி 6, செவ்வாய்

கடதாசி, கடதாசி. அட்சென்ஸ் கணக்கின் மீதி 10 டொலரைத் தொட்டதும் அனுப்புவார்கள். வந்துசேர 2 முதல் 4 கிழமை. 3 கிழமை போனபிறகுதான் திரும்பக் கேட்கலாம். 4 மாதத்துக்குள் இலக்கத்தை இடாவிட்டால் விளம்பரம் நிற்கும். முதல் கடதாசி அனுப்பிய டிசம்பர் 20இலிருந்து எண்ணினால் ஏப்ரல் 20. கடைசியில் முகவரியைத் திறந்து பார்த்தால் வீட்டு இலக்கத்தில் சாய்கோடு இல்லை. 41/3 என்பது 413 ஆகிக் கிடக்கிறது. அந்த ஒழுங்கையில் ஐம்பது வீடுகூட இல்லை. அஞ்சல் குறியீடு 40000 சரி. திருத்தி, புதிதாகக் கேட்டாயிற்று. ஊகித்து இட்டுப் பார்க்கவும் முடியாது, மூன்று தரம் பிழைத்தால் அதற்கும் விளம்பரம் நிற்கும்.

பெப்ரவரி 14, புதன்

அட்சென்ஸ் அறிக்கையில் கிளிக் எண்ணிக்கையைக் காட்டுகிற பகுதி அப்படியே இருக்கிறது, பழக்கத்தில் கண் அங்கேதான் போகிறது. பார்க்க வேண்டியது ஆயிரம் பக்கப் பார்வைக்கு எவ்வளவு என்பது. அதுவும் நாடு நாடாகப் பிரித்து. மொத்தமாகப் பார்த்தால் பிரித்தானியாவின் இறக்கத்தைக் கனடா மூடிவிடும்.

பெப்ரவரி 27, செவ்வாய்

தபாற்காரரின் மணி. வங்கிக் கடதாசி.