லைவ் ராக் போட்டாச்சு, மீன் எப்போது விடலாம்?

லைவ் ராக் என்பது கடல்மீன் தொட்டியில் போடும், பாக்டீரியாவும் சிறு உயிர்களும் குடியிருக்கும் துளைக் கல். வாங்கும்போது முதல் வேலை அதை மோந்து பார்ப்பது. கடற்கரை வாடை வந்தால் நல்ல கல். அழுகின முட்டை நாற்றம் அடித்தால் உள்ளே ஏதோ செத்துக் கிடக்கிறது, பெரும்பாலும் கடற்பஞ்சு. வெள்ளையாகவோ சாம்பல் நிறத்திலோ கொழகொழவென்று ஒட்டியிருப்பதைப் பழைய டூத் பிரஷால் தேய்த்து, உப்புத் தண்ணீரிலேயே அலச வேண்டும். குழாய்த் தண்ணீரைக் காட்டவே கூடாது. நாம் காசு கொடுத்ததே கல்லில் இருக்கும் பாக்டீரியாவுக்குத்தான். கையுறை அவசியம். துளைகளில் ஒளிந்திருக்கும் முள்புழுவின் மயிர் குத்தினால் விரல் எரியும்.

கல் எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள். 2001 முதல் கல்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் எடுத்தது என்று யாராவது மலிவாக நீட்டினால் தொடாதீர்கள். செயற்கையாகச் செய்த உலர் கல்லை வாங்கி, நன்றாக ஓடும் தொட்டியில் ஊறிய அதே மாதிரிக் கல் ஒன்றிரண்டு கிலோவை உறைமோர் போலச் சேர்த்தால் போதும்.

200 லிட்டர் தண்ணீர் நிற்கும் தொட்டி என்று வைத்துக்கொள்வோம். கல் 15 முதல் 20 கிலோ. துளை அதிகமுள்ள, எடை குறைந்த கல் என்றால் இன்னும் குறைவாகப் போதும். கல்லை அடிக்கண்ணாடி மேலேயே உட்காரவைத்து, அதன் பிறகு மணலைப் பரப்புங்கள். மணல் மேல் அடுக்கினால், பின்னாளில் ஏதாவது ஒரு கோபி மீன் கீழே தோண்டி மொத்த அடுக்கையும் சரித்துவிடும்.

உப்பு 7 முதல் 7.5 கிலோ பிடிக்கும். வீட்டு ஆர்.ஓ. மெஷின் தண்ணீரை அப்படியே எடுக்காதீர்கள். அதோடு டி.ஐ. ரெசின் (மிச்ச உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் மணிகள்) சேர்த்து, டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் அளவு) 0 வரும்வரை வடிகட்ட வேண்டும். தனி டிரம்மில் தண்ணீரை நிரப்பி, பம்ப் ஓடும்போது உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். உப்பைக் கொட்டி அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்து தண்ணீர் பால் மாதிரி ஆகிவிடும். ஒருநாள் ஓடிய பிறகு உப்பளவு ஆயிரத்துக்கு 35, அதாவது ஒப்படர்த்தி 1.025, 1.026 வர வேண்டும். உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 அளவுக் கரைசலை வைத்துச் சரிபார்ப்பது நல்லது. வெறும் தண்ணீரில் 0 காட்டுகிற கருவி 35-இல் தவறாகக் காட்டலாம்.

இனி அமோனியா. மீன் கழிவிலிருந்து வரும் இந்த நஞ்சை உடைக்கும் பாக்டீரியா பெருக, மீன் விடும் முன்பே நாம் கொஞ்சம் அமோனியா கொடுக்க வேண்டும். செத்த இறாலைப் போட்டு அழுக விடும் பழைய வழக்கம் எனக்குப் பிடிக்காது. எவ்வளவு அமோனியா வரும் என்று கணக்கே கிடையாது. கூடவே வரும் பாஸ்பேட் கல்லில் ஒட்டிக்கொண்டு, மாதக்கணக்கில் பாசிக்குத் தீனி போடும். சுத்தமான அமோனியம் குளோரைடு வாங்குங்கள். நாட்டுமருந்துக் கடை நவச்சாரமும் அதுவே, ஆனால் அதன் தூய்மைக்கு உத்தரவாதம் இல்லை. ஆய்வகத் தரம்தான் வேண்டும். 200 லிட்டருக்கு 1.26 கிராம் போட்டால் 2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 2 பங்கு) அமோனியா வரும். அதற்கு மேல் போடுவதில் லாபம் இல்லை.

இந்த அளவு உலர் கல்லுக்கு மட்டும். புழு, சிறு நண்டு, ஊதாப் பூச்சுப் பாசி எல்லாம் உயிரோடிருக்கும் அசல் லைவ் ராக் என்றால் 0.3 கிராமோடு நிறுத்துங்கள். சுத்தம் செய்யாத கல் தானாகவே அமோனியாவைக் கக்கும், அதில் எதுவும் போட வேண்டாம். அளவு 2-ஐத் தாண்டினால் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். இல்லையென்றால் கல்லில் பிழைத்திருப்பதும் செத்து, நாற்றம் முதலிலிருந்து தொடங்கும்.

விளக்கை அணைத்தே வையுங்கள். தண்ணீரை அலைபோல் ஓடவைக்கும் வேவ்மேக்கர் நிற்கக் கூடாது, கரண்ட் போனால் பேட்டரி ஏர் பம்பாவது ஓட வேண்டும். இந்த பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் உயிர்.

முதலில் அமோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும், பிறகு நைட்ரேட். விதைக் கல் போட்ட உலர் கல்லுக்குப் பெரும்பாலும் நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நன்கு பதப்பட்ட லைவ் ராக்கில் சில நாளிலேயே முடிந்துவிடும். ஆகவே காலண்டரைப் பார்க்காதீர்கள். போட்ட அமோனியா 24 மணி நேரத்தில் 0 ஆகிறதா? அது ஒன்றே சோதனை. நைட்ரைட் கொஞ்சம் மிச்சமிருந்தால் நன்னீர்த் தொட்டி அளவுக்குப் பயம் வேண்டாம். கடல்நீரிலுள்ள குளோரைடு, நைட்ரைட்டை மீனின் செவுளுக்குள் எளிதில் போக விடாது. ஆனால் நைட்ரைட் இருக்கும்வரை நைட்ரேட் அளக்கும் கிட் கூட்டித்தான் காட்டும், அந்த எண்ணை நம்பாதீர்கள். அந்தக் கிட்டின் பாட்டிலைச் சரியாகக் குலுக்காவிட்டாலோ குறைத்துக் காட்டும்.

இடையில் சைக்கிள், அதாவது அமோனியா நைட்ரேட்டாக மாறும் இந்த வேலை, நின்றுபோனால் முதலில் கே.எச். (தண்ணீரின் காரத்தன்மை அளவு) பாருங்கள். அமோனியாவை உடைக்கும்போது பாக்டீரியா காரத்தன்மையைத் தின்னும். திரும்பத் திரும்ப அமோனியா போட்ட தொட்டியில் அது 7-க்குக் கீழே போயிருந்தால், தண்ணீர் மாற்றினாலே சரியாகும்.

முடிந்ததும் நைட்ரேட் 10, 20 பி.பி.எம்.முக்குள் வரும்வரை தண்ணீரை மாற்றிவிட்டு, ஒரு ஜோடி சின்ன க்ளௌன் மீன் மட்டும் விடுங்கள். முதல் வாரம் தினமும் அமோனியா பாருங்கள், தீனியை அளவாகப் போடுங்கள். விளக்கு போட ஆரம்பித்ததும் மணலில் பழுப்பாக ஒரு படலம் வரும். அது டயாட்டம் என்ற நுண்பாசி. மருந்து ஊற்ற வேண்டாம், சிலிக்கேட் தீர்ந்ததும் தானே போய்விடும்.