ஊசியா ஆபரேஷனா: என் ஹைட்ரோசீல் நாட்குறிப்பு

பிப்ரவரி 3

ரெண்டு வருஷமா மறைச்சு வச்சதை இன்னிக்கு எழுதிடுறேன். இடது பக்கம் விதைப்பைல தண்ணி சேர்ந்து வீங்கியிருக்கு, இதுக்குத்தான் ஹைட்ரோசீல்னு பேரு. முதல்ல சின்னதாதான் இருந்துச்சு, இப்ப ஒரு கைக்குள்ள அடங்கல. வலி கிடையாது, கனம்தான், சாயந்திரம் ஆனா அடிவயிறு வரைக்கும் இழுக்குது, பேண்ட் போட்டா வெளிய தெரியுமோன்னு சட்டைய கீழ இழுத்து இழுத்து விட்டுக்கிட்டேதான் நடக்குறேன். போன வருஷம் ஒரு க்ளினிக்ல ஊசி வச்சு தண்ணிய எடுத்தாங்க, வைக்கோல் நிறத்துல 300 மில்லி, அன்னிக்கு உடம்பு இருந்த லேசுக்கு கண்ணே கலங்கிடுச்சு. ரெண்டே மாசம், மறுபடி அதே அளவு. திரும்ப சேரும்னு அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அந்த கோவம் எனக்கு இன்னும் போகல.

பிப்ரவரி 6

யூராலஜி டாக்டர்கிட்ட போனேன். ரூம் லைட்டை அணைச்சுட்டு பின்னாடியிருந்து டார்ச் அடிச்சு பாத்தார், பை முழுக்க செவசெவன்னு வெளிச்சம் தெரிஞ்சுது. உள்ள தண்ணியா இருந்தா அப்படி வெளிச்சம் ஊடுருவும், கெட்டியான கட்டியா இருந்தா ஊடுருவாதாம். அப்புறம் நிக்க வச்சு இரும சொன்னார், ஹெர்னியா இருக்கான்னு பார்க்க, ஏன்னா குடல் இறங்கியிருக்கிற இடத்துல ஊசி குத்துறது பெரிய ஆபத்து. போன தடவ இதெல்லாம் பாத்தாங்களான்னு எனக்கு ஞாபகமே இல்ல.

ஸ்கேன் எழுதி குடுத்தார். எதுக்குன்னு கேட்டேன். தண்ணி இவ்வளவு இருந்தா விதைய கையால தடவி பார்க்க முடியாது, சில பேருக்கு விதைல புற்றுநோய் வந்து அதனாலயும் தண்ணி சேரும், அதை தவறவிடக் கூடாதுன்னார். ராத்திரி தூக்கமே இல்ல.

பிப்ரவரி 8

ரெண்டு விதையும் நார்மல். கட்டி இல்ல. இப்படி வீக்கம் இருக்கிறவங்க யாராவது படிச்சா தயவுசெஞ்சு முதல்ல ஸ்கேன் எடுத்துடுங்க, என்ன மாதிரி ரெண்டு வருஷம் தள்ளிப் போடாதீங்க.

பிப்ரவரி 12

இன்னிக்கு டாக்டர் அரை மணி நேரம் உக்காந்து சொன்னார், மறக்கறதுக்குள்ள எழுதணும். விதைய சுத்தி ரெண்டு அடுக்கா ஒரு சவ்வு இருக்கு, அது எப்பவும் கொஞ்சம் நீர் சுரக்கும், திரும்ப உறிஞ்சிக்கும், எனக்கு உறிஞ்சறது குறைஞ்சு போனதால தேங்கிடுச்சு. வெறும் ஊசியால எடுக்கிறது ஊத்து இருக்கிற கிணத்த இறைக்கிற மாதிரி, திரும்ப ஊறத்தான் செய்யும்.

ஒண்ணும் செய்யாம விடலாமான்னு கேட்டேன். தாராளமா விடலாம், தொந்தரவு இல்லன்னா இதுக்கு வைத்தியமே தேவையில்லன்னார். எனக்கு தொந்தரவு இருக்கே.

அடுத்தது ஸ்க்ளீரோதெரபி. மரத்துப் போற ஊசி போட்டு, தண்ணிய எடுத்துட்டு அதே குழாய் வழியா டாக்ஸிசைக்ளினோ பாலிடோகனாலோ உள்ள விடுவாங்க, அந்த மருந்து சவ்வை புண்ணாக்கி ரெண்டு அடுக்கையும் ஒட்ட வச்சிடும், தண்ணி சேர இடம் இருக்காது. தையல் இல்ல, அன்னிக்கே வீட்டுக்கு வந்துடலாம். ஆனா முதல் ஒண்ணு ரெண்டு நாள் நல்லா வலிக்கலாம், திரும்ப வர்ற வாய்ப்பு ஆபரேஷனை விட அதிகம், சில பேருக்கு ரெண்டாவது தடவையும் போட வேண்டி வரும். ஆபரேஷன்ல சவ்வையே சரி பண்ணிடுறதால திரும்ப வர்றது குறைவு, பதிலுக்கு ரத்தக்கட்டு, இன்ஃபெக்ஷன், வாரக்கணக்குல வீக்கம்னு அதுக்கும் ஒரு கணக்கு இருக்கு.

நான் மனசுக்குள்ள ஊசின்னு முடிவே பண்ணிட்டேன். கிளம்புற நேரத்துல கேட்டார், "இன்னொரு குழந்தை பெத்துக்கிற யோசனை இருக்கா?" விந்து வர்ற குழாய் அந்த சவ்வை ஒட்டியே இருக்காம், மருந்தால வர்ற அழற்சி அதை அடைச்சிடலாம், அதனால குழந்தை வேணும்ங்கறவங்களுக்கு அவர் இதை முதல்ல சொல்றதில்ல. ஆபரேஷன்லயும் அந்த குழாய்ல காயம் பட வாய்ப்பு உண்டு, ஆனா அங்க கண்ணால பாத்து ஒதுக்கி வேலை செய்யலாம்னார். எனக்கு பதில் தெரியல. வீட்டுல கேட்டு சொல்றேன்னு வந்துட்டேன்.

பிப்ரவரி 13

மாமாவுக்கு போன் போட்டேன். அவருக்கு 70 வயசு, இதயத்துக்காக ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவர், அதனால கத்தி வேண்டாம்னு போன வருஷம் ஊசி மருந்துதான் போட்டாங்க. "ஒரே ஊசிடா மாப்ள, ஒரு வாரத்துல எழுந்து நடமாடிட்டேன், நீ எதுக்கு போய் அறுத்துக்கிட்டு"ன்னார். அவருக்கு அது ரொம்ப சரியான முடிவு. என் வயசு 36.

பிப்ரவரி 16

பாப்பா தூங்கினதுக்கு அப்புறம் என் மனைவிகிட்ட கேட்டேன். ரொம்ப நேரம் எதுவும் பேசல. அப்புறம் சொன்னா, "ரெண்டாவது வேணும்னு எனக்கு எப்பவோ ஆசைங்க. நீங்கதான் தள்ளித் தள்ளி படுத்துக்கிட்டீங்க, உங்களுக்கு விருப்பமில்ல போலன்னு நானும் விட்டுட்டேன்." வீக்கம் தெரிஞ்சிடக் கூடாதுன்னு நான் தள்ளிப் படுத்தது அவளுக்கு இப்படி போய் சேர்ந்திருக்கு, ஊசி போட்டு தண்ணி எடுத்ததக் கூட நான் அவகிட்ட சொல்லல, ரெண்டு வருஷம் தனியா என்னென்ன நினைச்சுக்கிட்டு கிடந்தாளோ. மன்னிப்பு கேட்டேன். நாளைக்கு டாக்டர்கிட்ட கூடவே வர்றேன்னா.

பிப்ரவரி 17

ஆபரேஷன்தான். அவ என்னை விட நல்ல கேள்வியா கேட்டா. சவ்வு மெல்லிசா இருந்தா வெட்டாம கொசுவம் மாதிரி மடிச்சு மடிச்சு தைக்கிற லார்ட் முறை, 1964ல வந்ததாம், ரத்தப்போக்கு கம்மி. தடிச்சிருந்தா வெட்டியோ உள்வெளியா திருப்பியோ தைப்பாங்க, அதுக்கு ஜாபூலே முறைன்னு பேரு. திறந்து பாத்துதான் முடிவு பண்ணுவேன்னார்.

மார்ச் 5

முடிஞ்சுது. முதுகுல ஊசி, இடுப்புக்கு கீழ ஒண்ணும் தெரியல. சவ்வு மெல்லிசு, மடிச்சு தைச்சிருக்கார். சாயந்திரமே வீடு.

மார்ச் 8

பை முழுக்க நீலம் பாய்ஞ்சு கிடக்கு, வீக்கம் பழைய அளவுக்கே இருக்கு. திரும்ப தண்ணி சேர்ந்துடுச்சோன்னு பயந்து போன் பண்ணேன். இந்த வீக்கம் எதிர்பார்த்ததுதான், திடீர்னு பெருசாகி இறுகினாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே வாங்கன்னார். இறுக்கமான சப்போர்ட் போட்டு, படுக்கும்போது அடில துண்டு மடிச்சு வச்சுக்கிறேன். ஐஸை துணில சுத்தி வச்சா நிம்மதியா இருக்கு. தும்மினாதான் உயிர் போகுது.

மார்ச் 21

தையல் தானா கரைஞ்சு உதிருது. கனம் தூக்கறது, தாம்பத்யம் எல்லாம் இன்னும் கொஞ்ச வாரம் கிடையாது. பாப்பா தூக்க சொல்லி அழுதா, உக்காந்து மடில வச்சுக்கிட்டேன்.

ஏப்ரல் 16

செக்கப். கொஞ்சம் கெட்டியா இருக்கு, அது கரைய இன்னும் ரெண்டு மூணு மாசம் ஆகலாமாம், தண்ணி இல்ல. இன்னிக்கு சட்டைய டக் இன் பண்ணிட்டு ஆபீஸ் போனேன்.