புள்ளி டவரடியில் இருக்கிறது, ஆள் மேலே ஏறினாரா?

எங்கள் வேலை காற்றாலைப் பராமரிப்பு. உடுமலை, பூளவாடி, கேத்தனூர் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், சோளக்காட்டுக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவில் வரிசையாக நிற்கிற காத்தாடிகளை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை காற்று அடி அடியென்று அடிக்கும், அப்போது மெஷின் நின்றால் மணிக்கு மணி நஷ்டம். அதனால் போல்ட் டார்க் (போல்ட் எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்கிற அளவு), கியர் ஆயில், பேரிங்குக்குக் கிரீஸ், பிரேக் பேட், எர்த் பிட் என்று போகிற செக்லிஸ்ட் முழுவதையும் சீசனுக்கு முன்னாலேயே முடித்துவிட வேண்டும். முன்பெல்லாம் காகிதம்தான், கிரீஸ் கறையோடு ஆபீசுக்கு வரும், யார் எங்கே உட்கார்ந்து டிக் அடித்தார்கள் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். இப்போது மொபைல் ஆப். டிக் அடித்து அனுப்பினால் மேப்பில் ஒரு புள்ளி விழும். அந்தப் புள்ளிகளைப் பார்ப்பது என் வேலைகளில் ஒன்று.

ஆப் விற்க வந்தவர் "இனி ஒருத்தரும் ஏமாத்த முடியாதுங்க சார்" என்றார். நல்ல பேச்சுதான். ஆனால் மேப்புக்குத் தெரிந்ததெல்லாம் இந்த நேரத்தில் இந்த ஃபோன் இங்கே இருந்தது என்பது மட்டும், ஸ்பேனர் போல்ட்டைத் தொட்டதா என்று அதற்கு எப்படித் தெரியும்? நூறு நாள் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள், 2023 ஜனவரி 1 முதல் ஆப்பில் இடக்குறியோடு படம் எடுத்துத்தான் வருகைப்பதிவு என்று ஆக்கினார்கள். 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே, சம்பந்தமில்லாத படத்தை ஏற்றுகிறார்கள், படத்தையே படம் பிடித்து ஏற்றுகிறார்கள் என்று மாநிலங்களுக்குக் கடிதம் எழுத வேண்டி வந்தது.

எங்களுக்கு முதலில் வந்த கூத்து பேக்கரி. ஒரு பகுதியில் இருக்கிற மெஷின்களின் செக்லிஸ்ட் எல்லாமே பிரிவு ரோட்டுப் பேக்கரியில் முடிந்ததாகப் புள்ளிகள் குவிந்து கிடந்தன. மேனேஜர் சாமி ஆடிவிட்டார். அந்த மெஷின்களைப் பார்க்கிற பையனைக் கூப்பிட்டுக் கேட்டால், "மேல ஏறி இறங்கி வந்து ஒரு டீ குடிச்சா அதுவும் தப்பாங்கண்ணா?" என்கிறான். விஷயம் என்னவென்றால், அந்தக் காட்டுக்குள் நெட் கிடைக்காது, நிரப்பியது ஃபோனிலேயே கிடக்கும், வண்டியில் பிரிவுக்கு வந்ததும்தான் ஏறும், இந்த ஆப்போ டிக் அடித்த இடத்தை விட்டுவிட்டு அனுப்பிய இடத்தை எடுத்துக்கொண்டிருந்தது. செட்டிங்ஸில் ஒரு மாற்றம், தீர்ந்தது. ஆப் வாங்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான், இடத்தை எந்த நொடியில் எடுக்கிறது என்று. ஜிபிஎஸ் வேலை செய்ய நெட் தேவையில்லை, செயற்கைக்கோள் தெரிந்தால் போதும் என்பதே பல பேருக்குத் தெரியவில்லை.

அப்புறம் துல்லியம். திறந்த வானத்தின் கீழ் நல்ல ஃபோன் 5 மீட்டருக்குள் சொல்லிவிடும், மெஷினுக்கு மெஷின் இடைவெளி எவ்வளவோ இருப்பதால் எங்களுக்கு அது தாராளம். சிக்கல் டவருக்குள் நுழைந்த பிறகு. டவர் என்பது இரும்புக் குழாய், கதவைத் தாண்டினால் சிக்னல் செத்துவிடும், ஃபோன் கடைசியாகத் தெரிந்த இடத்தையோ செல்போன் டவரை வைத்துக் குத்துமதிப்பாக ஒரு இடத்தையோ கொடுக்கும், இரண்டாவது என்றால் சில நூறு மீட்டர்கூடத் தள்ளிப் போகும். மேலே நேசலுக்கு, அதாவது டவர் உச்சியில் கியரும் ஜெனரேட்டரும் இருக்கிற பெட்டிக்குப் போனால் மறுபடி கிடைக்கிறது, ஏனென்றால் அதன் மூடி ஃபைபர்.

இதில்தான் எனக்குப் பிடித்த விஷயம் இருக்கிறது. மேப்பில் உயரம் கிடையாது. டவரடியில் நிழலில் உட்கார்ந்து அத்தனையும் டிக் அடித்தாலும், உச்சியில் தொங்கிக்கொண்டு அடித்தாலும் புள்ளி ஒரே இடத்தில்தான் விழும். ஆனால் எக்செலில் இறக்கிப் பார்த்தால் யாரும் கண்டுகொள்ளாத உயரக் கணக்கு ஒரு நெடுவரிசையில் இருக்கிறது. உயரத்தில் ஜிபிஎஸ் பிழை கிடைமட்டத்தைவிட அதிகம் என்றாலும், எங்கள் டவர்கள் 50 மீட்டருக்குக் குறையாது, அந்த வித்தியாசம் தெரிந்துவிடும். ஒன்று மட்டும், அந்த எண்ணைக் கடல் மட்டத்தோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். ஆன்ட்ராய்டு ஃபோன் பொதுவாகக் கொடுப்பது டபிள்யூஜிஎஸ் 84 என்கிற கணக்குப் பூமியிலிருந்து அளந்த உயரம், நம் பக்கத்தில் நிஜக் கடல் மட்டம் அதற்குச் சுமார் 90 மீட்டர் கீழே இருப்பதால் ஊரே பள்ளத்தில் கிடப்பது போலக் காட்டும். அதே ஃபோன், அதே நாள், அடியில் எவ்வளவு, மேலே எவ்வளவு, அந்தக் கழித்தல் போதும்.

ஆளைப் பிடிப்பதைவிட வேறு ஒன்றுக்கு இந்த மேப் நன்றாக உதவியது. ஒரு மெஷினுக்கு மட்டும், யார் போனாலும், புள்ளி எப்போதும் தள்ளியே விழுந்தது. எல்லோருமே பொய் சொல்ல மாட்டார்களே என்று நேரில் போய்ப் பார்த்தால், தோட்டக்காரர் கடவைப் பூட்டி வைத்திருக்கிறார். பாதைத் தகராறு, கேபிள் போட்டபோது தென்னைக்குப் போகிற சொட்டுநீர்க் குழாய் உடைந்த கோபம். பசங்க வேலிக்கு வெளியே நின்று கண்ணால் பார்த்து, தெரிந்ததை மட்டும் டிக் அடித்துவிட்டு வந்திருக்கிறார்கள். காகிதக் காலத்தில் இது வெளியே தெரிந்திருக்காது. குழாயை மாற்றிக் கொடுத்து, "தப்புத்தானுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னதும் அவரே சாவியைக் கொடுத்துவிட்டார்.

இப்போது ஒற்றைப் புள்ளியைப் பார்த்து நான் யாரையும் கூப்பிட்டுக் கேட்பதில்லை. முதல் டிக்குக்கும் கடைசி டிக்குக்கும் எவ்வளவு நேரம் என்று பார்ப்பேன், டார்க் பார்க்கிற வேலை பத்து நிமிடத்தில் முடியாது. பிழை வட்டம், அதாவது இத்தனை மீட்டர் முன்னே பின்னே இருக்கலாம் என்று ஃபோனே சொல்கிற கணக்கு, எவ்வளவு என்று பார்ப்பேன். போலி இடம் காட்டும் ஆப்கள் இருக்கின்றன, அப்படி வைத்தால் பெரும்பாலும் புள்ளி அசையாமல் கடைசி தசமம் வரை ஒரே எண்ணாக வரும், நிஜ ஜிபிஎஸ் நின்ற இடத்திலேயே கொஞ்சம் ஆடிக்கொண்டுதான் இருக்கும்.

பசங்க கேட்டது ஒன்றுதான், வேலை முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் எதற்கு லொகேஷன் என்று. நியாயமான கேள்வி. செக்லிஸ்ட் திறந்திருக்கும்போது மட்டும் இடத்தை எடுக்கிற மாதிரி மாற்றியாகிவிட்டது. மேனேஜருக்கு அதில் இன்னும் மனசு ஆறவில்லை, நாள் முழுக்கப் பார்க்க வேண்டும் என்கிறார்.