ரன்னிமீடில் அந்தப் பெயர் இல்லை

முதலிலேயே ஒரு எச்சரிக்கை. இரண்டாம் உலகப் போரில் விமானத்தோடு காணாமல் போன ஒருவரைத் தேடுகிறீர்கள் என்றால், வீட்டில் சொல்லும் கதையை நம்பி டாக்சி பிடிக்காதீர்கள். நான் பிடித்தேன்.

இங்கே இங்கிலாந்தில், ஸ்லவ் ஊரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு 84 வயது. அவருடைய அண்ணன் ஜாக், லங்காஸ்டர் என்ற பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானத்தின் வாலில் தனியாக உட்கார்ந்து துப்பாக்கி பிடித்தவர். 1944 மார்ச் 30 இரவு ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரத்தில் குண்டு போடக் கிளம்பினார். அன்றைக்குப் போன 795 விமானங்களில் 95 திரும்பவில்லை. நிலா வெளிச்சத்தில் ஜெர்மன் விமானங்கள் தேடித் தேடிச் சுட்டிருக்கின்றன. ஜாக்குக்கு வயது 20, பாட்டிக்கு 4. உடல் கிடைக்கவில்லை, கல்லறையும் கிடையாது என்றே பாட்டி கேட்டு வளர்ந்திருக்கிறார்.

கல்லறை இல்லாத விமானப்படையினர் 20,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் ரன்னிமீட் நினைவிடத்தில் இருக்கின்றன. பக்கம்தானே என்று ஒரு சனிக்கிழமை பாட்டியைக் கூட்டிப்போனேன். 1944, சார்ஜென்ட் வரிசை, அகர வரிசை என்று ஒழுங்காகத்தான் செதுக்கியிருக்கிறார்கள். மூன்று தடவை பார்த்தேன். இல்லை. பாட்டி கைத்தடியை ஊன்றிக்கொண்டு, “மறந்துவிட்டார்களா?” என்று கேட்டார். திரும்பும்போது டாக்சிக்காரர் மட்டும்தான் பேசிக்கொண்டு வந்தார்.

போவதற்கு முன்பே காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளத்தில் ஜாக் என்று தேடிப் பார்த்திருந்தேன். ஒன்றும் வரவில்லை, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தப்பு அங்கேதான். ஜாக் என்பது வீட்டில் கூப்பிடுவது, பதிவில் ஜான். நம் ஊர் சுப்பு, சுப்பிரமணியன் கதைதான், எனக்கு உறைக்கவில்லை. பழைய தந்தியில் இருந்த படை எண்ணைப் பாட்டி எடுத்துக் கொடுத்தார். அதைப் போட்டுத் தேடினால் ஒரே ஒரு ஆள். ஜெர்மனியின் பவேரியாவில் டர்ன்பாக் போர்க் கல்லறை, வரிசை எண்ணோடு! போர் முடிந்ததும் தேடும் குழுக்கள் ஊர் ஊராகப் போய், உள்ளூர்க்காரர்கள் புதைத்திருந்த உடல்களை அடையாளம் கண்டு இந்த மாதிரி இடங்களுக்கு மாற்றினார்கள். கல்லறை இருப்பவர் பெயர் ரன்னிமீடில் எப்படி இருக்கும்?

நடுவில் ஒரு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். மரணச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டார்கள். போரில் செத்தவருக்கா என்றேன். லைனில் காத்திருக்கச் சொன்னார்கள். இருபது நிமிடம் பாட்டு கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

எந்த விமானம் எப்போது கிளம்பியது, யார் யார் போனார்கள் என்று நாள்வாரியாக எழுதிவைத்த படைப்பிரிவின் ஆபரேஷன்ஸ் ரெக்கார்ட் புத்தகத்தில் இன்னொரு சாயங்காலம் வீணானது. கல்லறைப் பதிவில் தேதி மார்ச் 31, அதனால் 31ஆம் தேதியில் தேடிக்கொண்டிருந்தேன். இரவுத் தாக்குதல் என்றால் கிளம்பிய தேதியைப் பாருங்கள். 30ஆம் தேதியில் ஜாக்கின் விமானத்தில் போன ஏழு பேரும் வரிசையாக இருந்தார்கள். கிளம்பிய நேரம் இருந்தது. திரும்பிய நேரம் இல்லை.

கல்லறை ஆணையத்தின் பக்கத்தில் கீழே ஸ்கேன் செய்த தாள்கள் இருக்கும், அவற்றைத் திறக்காமல் விடாதீர்கள். கல்லில் என்ன பொறிக்க வேண்டும் என்று குடும்பத்தார் எழுதிக் கொடுத்த வரி அதில்தான் இருந்தது. எழுதிக் கொடுத்தவர் பாட்டியின் அம்மா. பழைய வீட்டு முகவரியும் இருந்தது.

அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

“அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது” என்றார். அப்புறம் அந்தத் தாளை எனக்குத் திருப்பித் தரவே இல்லை.